நிரம்பும் வட்டு: வலையமைப்புக் கருவிகளில் பதிவுக் கோப்புகளின் வரலாறு

ரவுட்டர், ஃபயர்வால், வலையமைப்பின் வழியே கோப்புகளைத் தரும் சேமிப்பகம் என ஒரே பணிக்காக அமைத்து மூடிய பெட்டியாக விற்கப்படும் கணினிகளை வலையமைப்புத் துறையினர் 'அப்ளையன்ஸ்' என்று அழைப்பர். மின்சாரமும் கம்பியும் இணைத்தபின் பெட்டியை மறந்துவிடலாம் என்பதே இவ்வகைக் கருவியை விற்றவர்கள் வாங்குவோருக்கு அளித்த உறுதி. ஆயினும் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் யூனிக்ஸ் மரபில் வந்த முழுமையான இயங்குதளமே. அதில் வட்டு உண்டு, அவ்வட்டில் இரவுபகலாக எழுதிக்கொண்டிருக்கும் நிரல்கள் உண்டு, எழுதியதைக் கழிக்கும் பொறுப்பு யாருடையது என்பது மட்டும் பல வேளைகளில் முடிவாகாமலே விடப்பட்டது. வட்டு நிரம்பியவுடன் ரவுட்டர் தரவைக் கடத்துவதை நிறுத்திவிடுவதில்லை. மாற்றிய அமைவுகள் சேமிக்கப்படாமல் போகும், புதிய மென்பொருள் ஏறாது, சில கருவிகளில் நிர்வாகி உள்நுழையவும் முடியாது. இந்நெருக்கடியைக் கொள்ளளவின் குறையாகவே கருதுவோர் உண்டு. ஆனால் கொள்ளளவு பல்லாயிரம் மடங்கு பெருகிய பின்னும் நெருக்கடி தொடர்ந்தது. எதை, எப்போது அழிப்பது என்ற உரிமையை மனிதரிடம் வைப்பதா, நிரலிடம் ஒப்படைப்பதா என்ற கேள்விக்கு அந்தந்தக் காலத்தினர் கண்ட விடைகளே இக்கருவிகளின் இன்றைய நடத்தையை விளக்குகின்றன.

1970களில் யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினிகளில் பரவலாக இருந்த ஆர்கே05 வட்டு ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 2.5 மெகாபைட். அக்காலத்திலேயே, யார் எப்போது உள்நுழைந்து வெளியேறினர் என்பதைக் குறிக்கும் 'டபிள்யூடிஎம்பி' என்ற கோப்பு இருந்தது. ஒவ்வொரு நுழைவுக்கும் கோப்பின் முடிவில் ஒரு பதிவு சேரும், எதுவும் தானாக நீங்காது. இதற்கு வடிவமைப்பாளர்கள் வைத்திருந்த கட்டுப்பாடு மிக எளியது. கோப்பு இருந்தால் பதிவு நடக்கும், கோப்பை நீக்கிவிட்டால் எந்த நிரலும் அதை மீண்டும் உருவாக்காது, பதிவும் நின்றுவிடும். கணினி அறையில் அதை அறிந்த ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையின் மேல் நின்ற ஏற்பாடு அது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் கிர்க் மெக்கூசிக், வில்லியம் ஜாய், சாமுவேல் லெஃப்ளர், ராபர்ட் ஃபாப்ரி ஆகியோர் வடிவமைத்து 1984இல் கட்டுரையாக வெளியிட்ட விரைவுக் கோப்பு முறைமை இந்த நம்பிக்கையை ஓரளவு நிரலுக்குள் கொண்டுவந்தது. வட்டு முழுதும் நிரம்பும் நிலையை நெருங்கினால், ஒரே கோப்பின் துண்டுகளை அருகருகே வைக்க இடம் கிடைக்காமல் வேகம் சரியும் என்பதால், அவர்கள் 10 விழுக்காட்டு இடத்தை ஒதுக்கி வைத்து, அதைத் தொடும் உரிமையை முதன்மை நிர்வாகிக்கு மட்டுமே அளித்தனர். இதன் விளைவாகப் பெர்க்லி வழிவந்த முறைமைகளில், வட்டின் நிரம்பிய அளவைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளை 100 விழுக்காட்டையும் தாண்டிய எண்களைக் காட்டத் தொடங்கியது. ஒதுக்கீட்டைக் கழித்த 90 பங்கை முழுமையெனக் கொண்டு கணக்கிடுவதால், உண்மையில் முழுதும் நிரம்பிய வட்டு 111 விழுக்காடு எனத் தோன்றும். பின்னாளில் லினக்ஸின் எக்ஸ்ட் வகைக் கோப்பு முறைமைகளும் 5 விழுக்காட்டை இவ்வாறே ஒதுக்கின. நெருக்கடியில் நிர்வாகி செயல்படக் கொஞ்சம் இடம் மிஞ்சவேண்டும் என்ற பயனும் இவ்வொதுக்கீட்டால் கிட்டியது. ஆனால் பதிவுக் கோப்புகளை எழுதும் நிரலும் முதன்மை நிர்வாகியின் உரிமையுடனேயே ஓடியது. ஆகவே சாதாரணப் பயனருக்கு மூடிய கதவு, வட்டை அதிகம் நிரப்பும் நிரலுக்குத் திறந்தே கிடந்தது. நல்ல வடிவமைப்பொன்றில் விழுந்த இந்த ஓட்டைக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்றே கூறவேண்டும்.

அந்நிரல் 'சிஸ்லாக்'. பெர்க்லியில் எரிக் ஆல்மன் தமது செண்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலின் துணையாக 1980களின் தொடக்கத்தில் அதை எழுதினார். அதுவரை ஒவ்வொரு நிரலும் தனக்குத் தோன்றிய இடத்தில் தன் பதிவுகளை எழுதிவந்தது. சிஸ்லாக் அவற்றை ஒரே வாயிலுக்குக் கொண்டுவந்து, செய்தி எத்துறையிலிருந்து வந்தது, எவ்வளவு கடுமையானது என்ற இரு குறிகளை ஒவ்வொன்றிலும் பொருத்தியது. கடுமைக்கு 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். துறைகளின் பட்டியலில் அஞ்சல், அச்சுப்பொறி, யூஸ்நெட் செய்தி, தொலைபேசி இணைப்பில் கோப்புகளை மாற்றிய யூயூசிபி எனப் பெர்க்லியின் அன்றைய உலகம் அப்படியே உறைந்து நிற்கிறது. உள்ளூர்ப் பயனுக்கென விடப்பட்ட எட்டு வெற்றுக் குறிகளில் கடைசியைச் சிஸ்கோ ரவுட்டர்கள் இயல்பாகவே தமக்கென எடுத்துக்கொண்டன. யூடிபி முறையில் 514ஆம் துறைமுக எண்ணுக்குச் செய்தியை அனுப்பிவிட்டு, அது சேர்ந்ததா என்று கேளாமலே அடுத்த வேலைக்குப் போய்விடுவது சிஸ்லாகின் வழக்கம்; நடைமுறையில் ஊறிப்போன இவ்வழக்கத்தை 2001இல் ஆர்எஃப்சி 3164 என்ற ஆவணம் எழுத்தில் விவரித்தது.

வளர்ந்துகொண்டே போகும் கோப்புகளை ஏனையவற்றிலிருந்து பிரித்து 'வார்' என்ற தனி அடைவில் வைக்கும் வழக்கத்தைச் சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4.0 பரவலாக்கியது. வட்டில்லாப் பணிக்கணினிகள் பல, மாறாத நிரல்களை வலையமைப்பின் வழியே பகிர்ந்துகொள்ளவேண்டும் என்பதே அதன் நோக்கம். இருப்பினும், வார் அடைவு தனிப் பகுதியில் இருந்தால் பதிவுகள் பெருகி அது நிரம்பினாலும் இயங்குதளத்தின் வேர்ப்பகுதி தப்பும் என்ற நன்மையே பின்னர் பெரிதாகக் கருதப்பட்டது.

பதிவுக் கோப்புகளைச் சுழற்றும் பணி முதலில் ஒவ்வொரு நிர்வாகியும் தாமே எழுதிக்கொண்ட சிறு நிரல்களால் நடந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அதீனா திட்டத்தில் தியோடர் சோ 1980களின் பிற்பகுதியில் எழுதிய 'நியூசிஸ்லாக்', கோப்பு குறிப்பிட்ட அளவை எட்டியதும் அதன் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்து ஒதுக்கி, பழையவற்றைச் சுருக்கி, மிகப் பழையதை அழிக்கும் முறையைப் பொதுவாக்கியது. ரெட் ஹாட் நிறுவனத்தில் எரிக் ட்ரோன் முதலானோர் 1990களில் எழுதிய 'லாக்ரொடேட்' லினக்ஸில் அதே பணியைச் செய்தது. இச்சுழற்சியில் யூனிக்ஸின் அடிப்படை இயல்பொன்று குறுக்கிட்டது. யூனிக்ஸில் கோப்பை அழிப்பது என்பது அதன் பெயரை நீக்குவதே. ஏதேனும் ஒரு நிரல் அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை அதன் இடம் வட்டுக்குத் திரும்பாது. எனவே நிரம்பிய வட்டில் பெரிய பதிவுக் கோப்பைக் கண்டுபிடித்து அழித்த நிர்வாகி, இடம் சிறிதும் கூடாததைக் காண்பார். கோப்புகளை எண்ணிக் கூட்டும் 'டியூ' கட்டளை ஒரு கணக்கையும், வட்டையே கேட்கும் 'டிஎஃப்' வேறொரு கணக்கையும் சொல்லும். பெயரற்ற அக்கோப்பைப் பிடித்திருக்கும் நிரல் எது என்பதை அறிய, பர்டியூ பல்கலைக்கழகத்தின் விக் ஏபல் எழுதிய 'எல்எஸ்ஓஎஃப்' துணையானது. கோப்பை அழிக்காமல் அதன் உள்ளடக்கத்தை மட்டும் பூச்சியமாக்குவது, அல்லது சுழற்றிய பின் பதிவு நிரலுக்குக் குறிப்பொன்றை அனுப்பிக் கோப்பை மறுபடி திறக்கச் செய்வது என்ற இரு வழிகளும் இன்றும் நிர்வாகிகளின் கைமரபில் உள்ளன.

தொடக்ககால ரவுட்டர்களுக்கு இத்தொல்லை இல்லை. அவற்றில் வட்டே இல்லாததால் மென்பொருள் நினைவகச் சில்லுகளில் தங்கியது. பதிவுகள், புதியது வரப் பழையது மறையும் வளைய வடிவ நினைவிடத்தில் சிறிது நேரம் நின்றன, அல்லது கம்பி வழியே அருகிலிருந்த யூனிக்ஸ் கணினிக்குச் சென்றன. 1998இல் ஜூனிபர் நிறுவனம் வெளியிட்ட எம்40 ரவுட்டர் இந்நிலையை மாற்றியது. பெர்க்லி யூனிக்ஸின் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டியை அடித்தளமாகக் கொண்ட ஜூனோஸ் இயங்குதளமும் அதற்கென ஒரு வன்வட்டும் அதனுள் இருந்தன. பெர்க்லியின் மரபு முழுவதும் பெட்டிக்குள் குடிபுகுந்தது. 100 விழுக்காட்டைத் தாண்டிய வட்டு எண்களைக் கண்டு வலையமைப்புப் பொறியாளர்கள் திகைத்ததும் அதன் தொடர்ச்சியே. பதிவுக் கோப்புகளை இயல்பாகப் பத்து வரை வைத்துச் சுழற்றும் ஏற்பாடு இருந்தும், செயலிழந்த நிரல்கள் விட்டுச்சென்ற நினைவகப் பிரதிகளும், மேம்படுத்தலுக்கென ஏற்றிப் பின் மறக்கப்பட்ட மென்பொருள் பொதிகளும் வார் அடைவை நிரப்பின. அழிக்கத் தக்கவற்றைத் தானே பட்டியலிட்டு, பயனரின் ஒப்புதல் பெற்றபின் நீக்கும் கட்டளை ஒன்றை ஜூனோஸ் தந்தது. தீர்மானத்தை மனிதரிடம் விட்டு, தேடலை மட்டும் நிரல் மேற்கொள்ளும் இந்தப் பங்கீடு இத்துறையில் கண்ட நிதானமான விடைகளுள் ஒன்று.

டேவிட் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் ஆகியோர் 1992இல் தொடங்கிய நெட்வொர்க் அப்ளையன்ஸ் நிறுவனத்தின் கோப்புச் சேமிப்பகங்களில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. அவர்களது வாஃபல் கோப்பு முறைமை, மாறிய தரவைப் பழைய இடத்தின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதும். பழைய இடங்களைச் சுட்டும் குறிப்புகளை மட்டும் காத்துவைத்தால், குறிப்பிட்ட கணத்தில் கோப்பு முறைமை இருந்த தோற்றம் ஏறக்குறையச் செலவின்றிக் கிடைக்கும். 'ஸ்னாப்ஷாட்' எனப்படும் இவ்வசதி, தவறி அழித்த கோப்பைப் பயனரே மீட்டுக்கொள்ள உதவியது. அதே காரணத்தால் கோப்பை அழிப்பது இடத்தைத் திருப்பித் தருவதில்லை. அழிந்த கோப்பின் இடம் ஸ்னாப்ஷாட்டின் கணக்குக்கு மாறும். இயல்பாக வைக்கப்பட்ட 20 விழுக்காட்டு ஒதுக்கீட்டை அது மீறினால், புழக்கத்திலுள்ள இடத்தையே உண்ணத் தொடங்கும். ஒரே தரவுத் தொகுதியைப் பல ஸ்னாப்ஷாட்டுகள் பகிர்ந்துகொள்வதால் எதை நீக்கினால் எவ்வளவு இடம் மீளும் என்பதும் எளிதில் புலப்படாது. பழைய ஸ்னாப்ஷாட்டுகளைத் தானே நீக்கும் விருப்பத்தேர்வு பிந்தைய பதிப்புகளில் வந்தது. காத்துவைப்பதற்கென்றே பிறந்த வசதிக்கு அழிக்கும் உரிமையும் தரப்பட்டதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது.

வீட்டு ரவுட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி இயங்குதளத்தில் இம்முரண் இன்னும் கூர்மையானது. சில மெகாபைட் ஃபிளாஷ் நினைவகத்தில், மாற்றவியலாத சுருக்கப்பட்ட அடுக்கின் மேல் எழுதத்தக்க மெல்லிய அடுக்கொன்று விரிக்கப்பட்டுள்ளது. கருவியுடன் வந்த நிரலொன்றை நீக்கினால், அது கீழடுக்கில் அப்படியே இருக்க, 'நீக்கப்பட்டது' என்ற குறிப்பு மேலடுக்கில் எழுதப்படும். அதாவது, அழித்ததால் இடம் குறையும். பதிவுகளை ஃபிளாஷில் எழுதாமல் நினைவகத்தின் வளையத்திலேயே வைப்பது அங்கு இயல்பு அமைவு.

வளராத கோப்பு என்ற கருத்தை மிகத் தெளிவாகச் செயற்படுத்தியவர் டோபியாஸ் ஓட்டிகர். 1990களின் நடுவில், லெஸ்டரிலுள்ள டி மான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் இணைய இணைப்பைக் கண்காணிக்க அவர் எழுதிய எம்ஆர்டிஜி, ஐந்து நிமிடச் சராசரிகளை ஏறத்தாழ இரண்டு நாள்களுக்கும், அரைமணிச் சராசரிகளை இரண்டு வாரங்களுக்கும், இரண்டுமணிச் சராசரிகளை இரண்டு மாதங்களுக்கும், நாள் சராசரிகளை இரண்டு ஆண்டுகளுக்கும் வைத்திருந்தது. 1999இல் வந்த அவரது ஆர்ஆர்டிடூல் இதைப் பொதுவாக்கியது. உருவாக்கும் கணத்திலேயே கோப்பு தன் இறுதி அளவை எடுத்துவிடும். எண்களுக்கு இது பொருந்தியது. யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவுக்குச் சராசரி காண முடியாது.

பாதுகாப்புத் துறை அப்பதிவுகளையே முதன்மையாகக் கருதியதால், இடமின்மைக்கு அது கண்ட விடை நேர்மாறானது. சிஸ்கோவின் பிக்ஸ் ஃபயர்வால், சேர்ந்ததை உறுதிசெய்யும் டிசிபி முறையில் பதிவுகளை அனுப்புமாறு அமைக்கப்பட்டால், பதிவேற்கும் கணினி எட்டாதபோது புதிய இணைப்புகளை மறுத்துவிடும். விண்டோஸ் என்டியில் ஓடிய அதன் பதிவேற்பு நிரலின் வட்டு நிரம்பினாலும் விளைவு இதுவே. எங்கோ மூலையிலிருந்த கணினியின் வட்டு நிறுவனமொன்றின் இணையத்தையே அடைத்துவிடும் இந்நடத்தை கோளாறு அன்று. பதிவாகாத எதுவும் நடக்கக்கூடாது என்ற கொள்கையின் நேரடி விளைவு. பதிவேற்கும் கணினி இல்லாவிட்டாலும் இணைப்பை அனுமதிக்கும் விருப்பத்தேர்வு பின்னர் சேர்க்கப்பட்டது. லினக்ஸின் தணிக்கை நிரலும் வட்டு நிரம்பினால் என்ன செய்வது என்று நிர்வாகியைக் கேட்கிறது. பொருட்படுத்தாமல் தொடர்வது முதல் கணினியையே நிறுத்துவது வரை விடைகள் அதில் உண்டு.

சட்டங்கள் அழிக்கும் உரிமையை நிர்வாகியிடமிருந்து மேலும் விலக்கின. இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைகள், தகவல் தொழில்நுட்ப முறைமைகளின் பதிவுகளை 180 நாள்கள் காத்துவைக்குமாறு பணித்தன. சிறிய பெட்டியொன்றின் வட்டு அத்தனை நாள்களைத் தாங்காது என்பதால், பதிவுகளை மையச் சேகரிப்பகத்துக்கு அனுப்புவது பெருவழக்காயிற்று. அங்கும் இடைவெளி ஒன்று எஞ்சியது. சேகரிப்பகம் எட்டாதபோது எதையும் இழக்காதிருக்க, ஆர்சிஸ்லாக் போன்ற நிரல்கள் செய்திகளை உள்ளூர் வட்டில் வரிசையாகத் தேக்கிவைக்கும் வசதியைத் தருகின்றன. அத்தேக்கத்துக்கு உச்சவரம்பு குறிக்காமல் விடப்பட்ட பெட்டிகளில், சேகரிப்பகம் நீண்டநேரம் நின்றுபோகும் நாளில் நிரம்புவது மீண்டும் வார் அடைவுதான்.