வடிவமைக்கப்பட்ட வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்டல்

வடிவமைக்கப்பட்ட வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்டல் என்பது, தவறுதலாக வடிவமைக்கப்பட்ட (பேச்சு வழக்கில் "ஃபார்மட் அடிக்கப்பட்ட") கணினி வன்தட்டில் முன்பு இருந்த ஒளிப்படங்கள், ஆவணங்கள், நிகழ்படங்கள் முதலியவற்றைத் திரும்பப் பெறும் செயல்முறை ஆகும். இது தரவு மீட்புத் துறையின் ஒரு பகுதி. வடிவமைத்தலின்போது பெரும்பாலும் அழிவது கோப்புகளின் பட்டியலே. கோப்புகளை உண்மையில் அழிப்பது அதன் பின்னர் அத்தட்டில் எழுதப்படும் புதிய தரவாகும். எனவே மீட்பின் வெற்றி, பயன்படுத்தும் மென்பொருளைவிடப் பிழை நேர்ந்தவுடன் பயனர் என்ன செய்கிறார் என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.

தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தைப் போன்று புயலும் வெள்ளமும் மீண்டும் மீண்டும் தாக்கும் பகுதிகளில், தாளில் அச்சிட்ட குடும்பப் படங்கள் நீரில் அழிந்தபின் வன்தட்டில் உள்ள படி ஒன்றே எஞ்சுவதுண்டு. அங்கு இப்பிழையின் விளைவு பெரிது.

பிழை நேரும் விதம்

இயங்குதளத்தை மீள நிறுவும்போதே இப்பிழை மிகுதியாக நேர்கிறது. வீட்டுக் கணினிகளில் சி பகுதியில் விண்டோசும், டி பகுதியில் படங்களும் பாடல்களும் இருப்பது நம்மிடையே பரவலான வழக்கம். ஆனால் விஸ்டாவிற்குப் பிந்தைய விண்டோஸ் நிறுவல் திரை இப்பகுதிகளை எழுத்தால் குறிக்காமல் எண்ணாலும் அளவாலும் காட்டுகிறது. அளவைக் கவனியாதவர் டி பகுதியை வடிவமைத்துவிடுகிறார்.

மற்றொரு வகை, வெளிப்புற வன்தட்டை முறையாக விடுவிக்காமல் பிடுங்குவதால் வருவது. மறுமுறை இணைக்கும்போது, தட்டைப் பயன்படுத்த அதனை வடிவமைக்க வேண்டும் என்று விண்டோஸ் கேட்கும். அந்நிலையில் பெரும்பாலும் கோப்புகள் அனைத்தும் இடத்திலேயே உள்ளன. கோப்பு முறைமையின் தலைப்பகுதி மட்டுமே பழுதாகியிருக்கும். "ஆம்" என்று அழுத்தாமல் விடுவதே நல்லது.

வடிவமைக்கும்போது நிகழ்வது

வன்தட்டு 512 அல்லது 4096 பைட்டுகள் கொண்ட செக்டர்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எந்தக் கோப்பு எந்தச் செக்டர்களில் உள்ளது என்ற குறிப்பைக் கோப்பு முறைமை வைத்திருக்கிறது. விரைவு வடிவமைப்பு இக்குறிப்பை மட்டும் புதிதாக எழுதுகிறது. ஒரு நூலகத்தின் அட்டவணை அட்டைகளை எரித்துவிட்டு நூல்களை அலமாரியிலேயே விட்டுவைப்பதற்கு இது ஒப்பாகும்.

எஞ்சுவது கோப்பு முறைமைக்கு ஏற்ப மாறும். விண்டோசின் என்டிஎஃப்எஸ் முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் பொதுவாக 1024 பைட்டு அளவுள்ள ஒரு பதிவு உண்டு. மீள வடிவமைக்கும்போது தொடக்கப் பதிவுகள் சிலவே மேலெழுதப்படுவதால், பழைய கோப்புகளின் பெயர், தேதி, இருப்பிடம் ஆகியன பலவேளைகளில் தப்புகின்றன. நினைவக அட்டைகளில் உள்ள ஃபேட் முறைமையில் இணைப்பு அட்டவணை வெறுமையாக்கப்படுகிறது. துணை அடைவுகளில் பெயரும் தொடக்க இடமும் அளவும் எஞ்சலாம்; தொடர்ச்சியாக எழுதப்பட்ட கோப்புகளுக்கு அதுவே போதும். லினக்சின் எக்ஸ்ட்4 முறைமையில் நிலைமை கடினம். புதிய முறைமையை ஏற்றியபின் கருவகம் பின்னணியில் பழைய குறிப்புகளைத் துடைத்துக்கொண்டே செல்லக்கூடும்.

முழு வடிவமைப்பு வேறுபட்டது. விண்டோஸ் எக்ஸ்பி வரை அது பழுதான செக்டர்களைத் தேடியதேயன்றித் தரவை அழிக்கவில்லை. விஸ்டா முதல் பகுதி முழுவதும் சுழியம் எழுதப்படுகிறது. அவ்வாறு எழுதி முடிக்கப்பட்ட தட்டிலிருந்து மென்பொருளால் எதையும் மீட்க முடியாது. இடையில் நிறுத்தப்பட்டிருந்தால் எழுதப்படாத பகுதியை மீட்கலாம்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

அத்தட்டில் எழுதுவதை அக்கணமே நிறுத்த வேண்டும். அது இயங்குதளம் உள்ள தட்டாயின் கணினியை அணைத்து, தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இரண்டாம் தட்டாக இணைப்பது முறை. இணைய உலாவியைத் திறப்பதுகூடத் தற்காலிகக் கோப்புகளை எழுதும். மீட்பு மென்பொருளை அதே தட்டில் நிறுவுவதும், மீட்ட கோப்புகளை அதே தட்டில் சேமிப்பதும் அடிக்கடி நிகழும் இரண்டாம் பிழைகள். இவை முதற்பிழையைவிடக் கேடு மிக்கவை.

அடுத்ததாக, அதே அளவோ மிகுதியோ உள்ள மற்றொரு தட்டில் செக்டர் வாரியாக முழுப் படிமம் எடுக்க வேண்டும். பழுதான செக்டர்கள் உள்ள தட்டுக்குக் குனூ டிடிரெஸ்க்யூ ஏற்றது. அது எளிதில் படிக்கக்கூடிய இடங்களை முதலில் எடுத்துவிட்டுக் கடின இடங்களுக்குப் பின்னர் திரும்புகிறது. தேடல் முழுவதையும் படிமத்தின் மீதே நடத்தலாம். தவறினால் மீண்டும் தொடங்க மூலத்தட்டு மாறாமல் இருக்கும். தட்டிலிருந்து "டக் டக்" என்ற ஒலி வந்தால் மின்சாரத்தைத் துண்டித்துத் தூசற்ற அறை வசதியுள்ள மீட்பு ஆய்வகத்திடம் கொடுப்பதே வழி.

மீட்கும் முறைகள்

முதல் முறை, எஞ்சியுள்ள கோப்பு முறைமைக் குறிப்புகளைத் தேடிப் பழைய அடைவு அமைப்பை மீட்பது. ரெகுவா போன்ற மென்பொருள்களும், மைக்ரோசாப்ட் 2020 இல் வெளியிட்ட விண்டோஸ் ஃபைல் ரெகவரியும் இவ்வகையில் தொடங்குகின்றன. பகுதி அட்டவணையே அழிந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் உதவும்.

இரண்டாம் முறை, குறிப்புகளைப் பொருட்படுத்தாமல் கோப்புகளின் உள்ளமைப்பைக் கொண்டே அவற்றைச் செதுக்கி எடுப்பது. ஜேபெக் படம் 255, 216, 255 என்னும் பைட்டுகளில் தொடங்கி 255, 217 இல் முடியும். கிறிஸ்டோப் கிரெனியே எழுதிய கட்டற்ற மென்பொருளான ஃபோட்டோரெக் இம்முறையில் பல நூறு கோப்பு வகைகளை அடையாளம் காண்கிறது. ஒரே கோப்பு பல இடங்களில் சிதறியிருந்தால் பாதிப் படமே கிடைக்கும். பெரிய நிகழ்படங்களில் இச்சிக்கல் மிகுதி.

தமிழ்க் கோப்புகளுக்குத் தனிக் கவனம் தேவை. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகும். முதற்பைட்டு 224, இரண்டாவது 174 அல்லது 175. "தமிழ்" என்ற சொல் 15 பைட்டுகளைக் கொள்ளும். இவ்வொழுங்கைக் கொண்டு எளிய உரைக் கோப்புகளை நேரடியாகத் தேடலாம். சுருக்கப்பட்ட புதிய வேர்டு ஆவணங்களுள் இவ்வாறு தேட இயலாது. டிஸ்கி, டாப், பாமினி முதலிய பழைய குறியாக்கங்களிலும் எழுத்துருக்களிலும் தட்டச்சிட்ட உரை, மீட்டபின் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகவோ விந்தைக் குறிகளாகவோ தோன்றும். பழுதானது என்று கருதி அதனை நீக்கிவிடாமல் குறிமாற்றியில் இட்டுப் பார்க்க வேண்டும்.

ஒழுங்கை மீட்டமைத்தல்

செதுக்கி எடுத்த கோப்புகளுக்குப் பெரும்பாலும் பெயரோ அடைவோ இராது. செக்டர் எண்ணே பெயராக அமையும். ஆயிரக்கணக்கான படங்கள் கலந்து கிடக்கும்போது, கேமரா படத்தினுள்ளேயே பதிந்துள்ள எக்சிஃப் தேதியைக் கொண்டு வரிசைப்படுத்தலாம்.

உள்ளடக்கம் கிடைத்தும் ஒழுங்கு கிடைக்காத இந்நிலைக்குச் சிதம்பரத்திலேயே பழைய ஒப்புமை உண்டு. தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்ததாகவும், எண்ணெய் ஊற்றிப் புற்றை நீக்கி எஞ்சிய பதிகங்களை எடுத்ததாகவும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. அவற்றைத் திருமுறைகளாக வகுத்தவர் இதே வட்டாரத்துத் திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பி. பண்முறை தெரியாமற்போகவே, எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் அடைவு செய்தனர் என்பது அப்புராணச் செய்தி. இது வரலாற்று ஆவணமன்று எனினும், எஞ்சியவற்றைத் தொகுப்பதும் அவற்றின் வரிசையை அறிவதும் வெவ்வேறு பணிகள் என்பதை அழகாகக் காட்டுகிறது.

மீட்க இயலாத நிலைகள்

திண்மநிலைச் சேமிப்பகங்களில் மேற்கண்ட நம்பிக்கை பெரும்பாலும் பொருந்தாது. விண்டோஸ் 7 (2009) முதல், வடிவமைக்கும்போது இயங்குதளம் டிரிம் என்னும் கட்டளையை அனுப்புகிறது. சேமிப்பகம் அவ்விடங்களைத் தானே வெறுமையாக்கிவிடும். மறையாக்கம் செய்யப்பட்ட பகுதியாயின் திறவுகோல் இன்றிக் கிடைப்பவை பயனற்றவை.

இதன் மறுபக்கத்தையும் அறிந்திருத்தல் நன்று. சிம்சன் கார்ஃபிங்கல், அபி செலாட் ஆகியோர் பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கி ஆய்ந்து 2003 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, படிக்க முடிந்த 129 தட்டுகளுள் 12 மட்டுமே முறையாகத் துடைக்கப்பட்டிருந்தன. பழைய கணினியை விற்பவர் விரைவு வடிவமைப்பை நம்பலாகாது.

கடலூர் பகுதியில் வெள்ளமும் வன்தட்டும்

2004 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், 2015 இறுதியில் பெய்த பெருமழை, 2024 டிசம்பரில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் ஆகியன கடலூர் மாவட்டத்தைத் தாக்கின. நீரில் மூழ்கிய தட்டை வடிவமைக்கப்பட்ட தட்டைப் போலக் கையாளக் கூடாது. "வேலை செய்கிறதா" என்று மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதே தட்டின் பரப்பைக் கீறிவிடக்கூடும். வெயிலிலோ முடி உலர்த்தியாலோ காயவைத்தால் சேறும் உப்பும் பரப்பில் படியும். ஈரத்துடனேயே நெகிழிப் பையில் மூடி ஆய்வகத்திற்கு அனுப்புவது வழக்கம்.

காப்புப்படியை அதே வீட்டில், அதே அலமாரியில் வைப்பது வடிவமைப்புப் பிழைக்கு உதவும், வெள்ளத்திற்கு உதவாது. கடலூரில் இருப்பவர் ஒரு தட்டை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ வைத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பு, புதுப்பித்துக்கொள்ளலாம்.