நம் முன்னோரும் நம் ஊர்ப் பதிவேடுகளும்



பாகப்பிரிவினைக்கு மார்க்க விளக்கம் கேட்டு வருவோரிடம் நாம் முதலில் கேட்பது சொத்து எவ்வளவு என்பதையன்று. குடும்பத்தில் யார் யார், எந்தெந்த நாளில் வஃபாத் ஆனார்கள் என்பதையே கேட்கிறோம். பெரும்பாலோர் அவ்விடத்திலேயே திகைத்து நின்றுவிடுகின்றனர். தகப்பனார் மறைந்த நாள் தெரியும். பாட்டனார் மறைந்த ஆண்டு ஏறக்குறையத் தெரியும். அதற்கு மேல் "வெள்ளம் வந்த வருஷம்", "பெரிய சண்டைக்கு முன்னால்" என்றுதான் பதில் வருகிறது. ஆனால் வீட்டின் பட்டாவோ பாட்டனாரின் தகப்பனார் பெயரில் நிற்கிறது. அவர் காலமாகி எண்பது ஆண்டுகள் ஆகியிருக்கலாம்.

இதில் ஒரு நாள் முன்பின் ஆனாலும் கணக்கே மாறிவிடும். மனைவியை முன்னரே இழந்த ஒருவர் இரண்டு ஆண் மக்களையும் ஒரு மகளையும் விட்டுச் சென்றால், சொத்து ஐந்து பங்காகும். மகன்களுக்கு இரண்டிரண்டு, மகளுக்கு ஒன்று. அம்மகன்களுள் ஒருவர் தந்தைக்கு முன்னரே இறந்திருப்பாரானால், உயிரோடிருக்கும் மகனுக்கு மூன்றில் இரண்டும் மகளுக்கு மூன்றில் ஒன்றும் சேரும். இறந்த மகனின் பிள்ளைகளுக்கு வாரிசு முறையில் பங்கில்லை. அவரே தந்தைக்கு மறுநாள் இறந்திருந்தால், ஐந்தில் இரண்டு பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். இன்று அந்த இரு கிளையினரும் எதிரெதிரே அமர்ந்து நம்மிடம் தீர்ப்புக் கேட்கிறார்கள். கிதாபைப் பார்த்து எவ்விதம் பிரிப்பது என்று சொல்லிவிடலாம். யார் முன்னே இறந்தார் என்பதை எந்தக் கிதாபும் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது நகராட்சியின் இறப்புப் பதிவேடும், கபரஸ்தானத்தின் மீஸான் கல்லும்தான்.

மதரஸாக்களில் பராயிள் கலைக்குப் பாடமாக ஓதப்படும் 'சிராஜிய்யா'வின் இறுதியில் நீரில் மூழ்கியும், தீயில் கருகியும், இடிபாட்டில் சிக்கியும் ஒருசேர இறந்தோரைப் பற்றிய ஒரு சிறு பகுதி உண்டு. முன்னவர் யார், பின்னவர் யார் என்று அறிய முடியாவிடில் ஒருவருக்கொருவர் வாரிசாக மாட்டார்கள் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஓதும் காலத்தில் மாணவர்கள் இதனை எங்கோ கடற்கரையில் நடக்கும் சங்கதியாக எண்ணிக் கடந்துவிடுவதுண்டு. 1903 நவம்பர் 12ஆம் நாள் பாலாறு கரை கடந்து வாணியம்பாடியை அழித்த வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு எண்ண மாட்டார்கள். வறண்ட மணலாகவே நாம் பார்த்துப் பழகிய இந்த ஆறு அன்று பல குடும்பங்களை ஒரே இரவில் கொண்டு போயிற்று.

அந்த ஒரு நாளையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, பதிவேடுகளைப் படிக்கும் முறையைச் சற்று விளக்கலாம். சர்க்கார் கடிதங்களில் அது 1903 நவம்பர். கிராமக் கணக்கில் தேடினால் பசலி 1313 என்ற கட்டில் இருக்கும். ஏனெனில் வருவாய்த் துறையின் பசலி ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்குகிறது. ஜூலைக்குப் பின் வரும் மாதங்களுக்கு ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐயும், ஜூன் முடிய உள்ள மாதங்களுக்கு 591ஐயும் கழித்துக்கொள்ள வேண்டும். பத்திரங்களில் சோபகிருது வருஷம் ஐப்பசி மாதம் என்றிருக்கும். பள்ளிவாசல் தஃப்தரிலும் மீஸான் கல்லிலும் ஹிஜ்ரி 1321 ஷஅபான். நான்கும் ஒரே நாளைத்தான் குறிக்கின்றன. தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அறுபது ஆண்டு தவறிப் போனவர்களும் உண்டு.

அடுத்து, எந்த அலுவலகத்தில் தேடுவது என்பது. இதிலேதான் நம் பகுதி மக்கள் மிகுதியாக அலைகிறார்கள். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே உள்ள தூரம் சிறிதே; கொள்வினை கொடுப்பினை நெருக்கமோ பெரிது. ஆனால் 1911 வரையில் இரண்டும் வெவ்வேறு மாவட்டங்களில் இருந்தன. ஆம்பூர் வட ஆற்காட்டைச் சேர்ந்தது. வாணியம்பாடி அடங்கிய திருப்பத்தூர் தாலுகாவோ சேலம் ஜில்லாவில் இருந்தது. அதற்கும் முன் பாராமகால் எனப்பட்ட நாட்டின் பகுதி அது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பெனியார் கைக்குப் போனபோது கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடு அங்கே முதல் கலெக்டராக அமர்ந்தார். ஆற்காடு நவாபின் நாடு அவர்கள் நிர்வாகத்தின் கீழ் முழுமையாக வந்தது 1801இல். ஆகவே வாணியம்பாடிக் குடும்பத்தினர் தம் பழைய காகிதங்களை வட ஆற்காடு என்று தேடினால் கிடைக்காது. சேலம் என்று தேட வேண்டும். சேலம் மாவட்ட மேனுவல் 1883இல் வெளிவந்தபோது வாணியம்பாடியைப் பற்றிய செய்திகள் அந்நூலில்தான் இடம்பெற்றன. பின்னர் 1989இல் வட ஆற்காடு பிரிந்தது. 2019 நவம்பரில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. மேல்விஷாரம் ஒன்றிலும் பேரணாம்பட்டு மற்றொன்றிலும் இருக்கின்றன. காகிதங்கள் மட்டும் அவை எழுதப்பட்ட காலத்து ஜில்லாவின் பெயரிலேயே உறங்கிக் கொண்டிருக்கின்றன.

தோல் வாணிபத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இரயில் வந்து, சில ஆண்டுகளில் ஆம்பூர் வழியாக மேற்கே நீண்ட பிறகு, ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல்கள் சென்னை பெரியமேட்டு மண்டிக்கும் அங்கிருந்து லண்டனுக்கும் போகலாயின. நம் முன்னோர் பலர் வாழ்நாளில் பாதியைப் பெரியமேட்டில் கழித்தார்கள். சிலர் அங்கேயே வஃபாத் ஆனார்கள். அத்தகையோரின் இறப்பு சென்னை மாநகராட்சியின் ஏட்டில் இருக்குமே தவிர, சொந்த ஊரில் இராது. ஊர்ப் பதிவேட்டில் பெயரில்லை என்பதால் ஆளே இல்லை என்று வாதாடியவரையும் நாம் பார்த்திருக்கிறோம்.

பிறப்பு இறப்புப் பதிவைப் பொறுத்தவரை, நகரங்களில் நகராட்சியும் கிராமங்களில் முன்சீப்பும் எழுதி வந்தனர். 1899ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னும் எல்லாக் கிராமங்களிலும் ஒரே சமயத்தில் பதிவு கட்டாயமாகவில்லை. பழைய பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரைத் தேடுவது வீண். பெயர் சூட்டும் முன்னரே பதிவு முடிந்துவிடுவதால் "ஆண்" அல்லது "பெண்" என்ற குறிப்பும் தகப்பனார் பெயரும்தான் இருக்கும். அப்பெயரும் எழுதியவர் காதில் விழுந்தபடி இருக்கும். ஹுசைன் உசேனாவார், ஃபாத்திமா பாத்துமாவாவார், ஒருவரே ஓரிடத்தில் சாயபு, மற்றோரிடத்தில் சாகிப். பெயரின் முன்னுள்ள இனிஷியல்களைப் பிள்ளைகள் இப்போது எளிதாக விட்டுவிடுகிறார்கள். நம் பகுதியில் அவற்றுள் முதலெழுத்துப் பல வேளைகளில் வீட்டுப் பெயரையோ பூர்வீக ஊரையோ குறிப்பது. ஒரே தெருவில் நான்கு அப்துல் ரஹ்மான்கள் இருந்த காலத்தில் அவர்களைப் பிரித்துக் காட்டியது அவ்வெழுத்தே.

பலரும் நம்மிடம் கேட்பது, "நாங்கள் எங்கிருந்து வந்தோம்?" என்பதுதான். கேட்கும்போதே பதிலும் அவர்களிடம் தயாராக இருக்கிறது. நவாபின் படையோடு வந்தோம் என்பார் சிலர். திப்புவின் மக்களோடு வேலூர்க் கோட்டைக்கு வந்தோம் என்பார் சிலர். நாம் இவற்றைப் பொய் என்று சொல்லவில்லை. ஆயினும் ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஓர் அறிவிப்பாளர் தாம் இன்னாரிடம் கேட்டதாகச் சொன்னால், இருவரின் பிறப்பு இறப்பு ஆண்டுகளை ஒப்பிட்டு, சந்தித்திருக்க இயலுமா என்று முதலில் பார்த்தார்கள். வீட்டுக் கதைக்கும் அந்த அளவுகோல் பொருந்தும். எழுபது வயதான ஒருவர், "பாட்டனாருக்குப் பாட்டனார் திப்புவின் பிள்ளைகளோடு வந்தார்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைமுறைக்கு முப்பது ஆண்டு எனக் கொண்டால் அந்த மூத்தவர் ஏறக்குறைய 1835இல் பிறந்திருக்க வேண்டும். திப்புவின் குடும்பத்தார் 1799க்குப் பின் வேலூருக்கு வந்து, 1806 ஜூலை 10 கிளர்ச்சிக்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. நவாப் அன்வருத்தீன் கான் ஆம்பூர்ப் போரில் மாண்டது 1749 ஆகஸ்டில். அப்படைவீரர் ஒருவரின் வழித்தோன்றல் என்போர் எட்டுத் தலைமுறைப் பெயர்களைச் சொல்ல வேண்டியிருக்கும். நான்குக்கு மேல் சொல்வோரை நாம் அரிதாகவே கண்டோம். படைவீரன் பேரன் என்பதைவிட ஆட்டுத்தோல் வாங்கி விற்றவர் பேரன் என்பது எவ்விதத்திலும் தாழ்வாகாது என்பது நம் கருத்து. வீட்டார் சிலருக்கு இது வருத்தமாகவே இருக்கிறது.

பள்ளிவாசல், தர்கா, காஜி ஊழியம் ஆகியவற்றுக்கு மானியம் பெற்றிருந்த குடும்பங்களுக்கு வேறு ஒரு வாசல் திறந்திருக்கிறது. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன், ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்துப் பதிவேடு எழுதியது. நிலத்தின் பரப்பு, மானியம் தந்தவர், முதலில் பெற்றவர், அப்போது அனுபவிப்பவரின் பெயர், வயது, முன்னவருக்கு அவர் என்ன உறவு என்பனவெல்லாம் அதில் வரிசையாக உள்ளன. ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இவற்றுக்குச் சான்றிட்ட நகல் பெறலாம். 2025ஆம் ஆண்டு வக்ஃப் திருத்தச் சட்டத்தையொட்டி வக்ஃபுகளின் விவரங்களை மத்திய இணையதளத்தில் ஏற்ற வேண்டிவந்தபோது, முத்தவல்லிகள் பலர் இந்தப் பதிவேட்டின் பெயரையே முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் 2002, 2005 ஆண்டுகளின் பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்ட வேண்டியிருந்ததும் அனைவருக்கும் நினைவிருக்கும். இப்போதைய ஆம்பூர் தொகுதி 2008 மறுவரையறைக்குப் பின் அமைந்தது. எனவே பழைய பட்டியலில் வேறு தொகுதியின் பெயரில் தேட வேண்டியிருந்தது. சேலம் ஜில்லாவில் தேடிய கதைதான் இதுவும்.

கிராமத்து நிலத்துக்கு 'அ' பதிவேடு, சிட்டா, அடங்கல், புலப்படம், அவற்றுக்கு முந்திய செட்டில்மெண்டுப் பதிவேடு என்று ஒரு தொடர் உண்டு. 1980இல் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தபோது கர்ணங்களின் வீடுகளிலிருந்த கட்டுகள் யாவும் ஒழுங்காகக் கைமாறின என்று சொல்வதற்கில்லை. இருப்பதைப் பார்க்க வேண்டியதுதான்.

நம் அனுபவத்தில் எல்லாவற்றிலும் சிறந்தது சார்பதிவாளர் அலுவலகத்தின் முதல் புத்தகம். அசையாச் சொத்துப் பத்திரங்கள் முழுமையாக அதில் படியெடுக்கப்பட்டுள்ளன. கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். வில்லங்கச் சான்றிதழை இணையத்தில் பெறுவோர், அண்மைக் காலத்தோடு நின்றுவிடாமல், அதற்கு முந்திய ஆண்டுகளுக்கு அலுவலகத்திலேயே கைத்தேடலுக்கு மனுச் செய்ய வேண்டும்.

பெண்களை வேறெங்கும் காண முடியாதவர்களும் அங்கே காணலாம். ஜமாஅத்தின் சந்தா ஏட்டில் குடும்பத் தலைவரான ஆணின் பெயர் மட்டுமே இருக்கும். பத்திரத்தில் "இன்னார் மகளும் இன்னார் மனைவியுமான இன்னார்" என்று அவள் முழுமையாக நிற்கிறாள். கீழே இடது கைப் பெருவிரல் ரேகை. வெளியே வராத கோஷாப் பெண்களின் வீட்டுக்குப் பதிவதிகாரியே சென்று வாக்குமூலம் வாங்கச் சட்டத்தில் இடமிருந்ததால், "இருப்பிடத்தில் பதிவு செய்யப்பட்டது" என்ற குறிப்பும் சில பத்திரங்களில் கிடைக்கிறது. பெரிய பாட்டியாரின் பெயரே தெரியாதிருந்த பேரப்பிள்ளைகள் அவருடைய ரேகையைப் பார்த்துக் கண்கலங்கியதை நாம் கண்டிருக்கிறோம்.

அங்கே இன்னொன்றும் தெரியவரும். சகோதரி தன் பாகத்தை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்த வீடுகளில், அதற்கான விடுதலைப் பத்திரம் எங்கும் இராது. அவளுடைய தகப்பனார் மறைந்த சில ஆண்டுகளில் பட்டா மட்டும் சகோதரர்கள் பெயருக்கு மாறியிருக்கும். பட்டா மாறியதால் பாத்தியதை மாறிவிடாது. காலம் கடந்ததால் வாரிசின் உரிமை மார்க்கத்தின் பார்வையில் அற்றுப்போவதுமில்லை. பெருமை தேடிப் போனவர் கடனோடு திரும்பிய வீடுகள் நம் பகுதியில் உண்டு. அவற்றுள் ஒரு வீட்டார், பேரணாம்பட்டில் வாழும் அந்தச் சகோதரியின் பேரப்பிள்ளைகளைத் தேடிச் சென்று கணக்கு முடித்தார்கள். மற்றொரு வீட்டார் நகலை மடித்து வைத்துக்கொண்டு, பிறகு நம்மிடம் வரவேயில்லை.

நம் பள்ளியின் பழைய நிக்காஹ் தஃப்தர்கள் சில உருதுவிலும், பின்னர் தமிழிலும் எழுதப்பட்டவை. மை மங்கி வருகிறது. அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, மணமக்கள், தந்தையர், சாட்சிகள் பெயரோடு அட்டவணை எழுதும் பணியை இளைஞர்கள் தொடங்கியுள்ளார்கள். வீடுகளில் பழைய பத்திரம், பேரேடு, மஹர் ஒப்பந்தம், பள்ளிக்கூடச் சான்றிதழ் வைத்திருப்போர் ஞாயிறு அஸருக்குப் பின் கொண்டுவந்தால் அங்கேயே நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைக் கையோடு கொடுத்துவிடுவோம். மழைக்காலத்துக்கு முன் கபரஸ்தானத்தின் மீஸான் கற்களையும் படியெடுக்க உத்தேசம். உருது எழுத்தைத் தடையின்றிப் படிக்கவல்ல இருவர் இதற்குத் தேவைப்படுகின்றனர்; முன்வருவோர் ஜமாஅத் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.