லெய்டனின் அக்டோபர் மூன்று: ஒரு முற்றுகை விழாவான வரலாறு

நெதர்லாந்தின் லெய்டன் நகருக்கு அக்டோபர் 3 உள்ளூர்த் திருநாள். காலை ஏழு மணிக்கு நகர மன்றத்தின் முன் இசை முழங்கும். பழைய எடை மண்டபத்தின் வாசலில் ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் வாங்க மக்கள் வரிசையில் நிற்பார்கள். பேதுரு தேவாலயத்தில் நன்றி வழிபாடு, பிறகு நகரைச் சுற்றி ஊர்வலம், தெருக்களில் ராட்டினங்கள், இரவில் வாணவேடிக்கை. 1574ஆம் ஆண்டு ஸ்பானிய முற்றுகை நீங்கியதைக் கொண்டாடும் இவ்விழா 450 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. இதன் பொருள் என்ன என்பதில் நகரத்தார் முழுமையாக ஒத்துப்போன காலம் எதுவும் இல்லை. பசி தீர்ந்தது என்ற ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். உணவு இவ்விழாவின் நடுவிடத்தைப் பிடித்ததற்கு அதுவே காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

முற்றுகை இரண்டு முறை நடந்தது. 1573 அக்டோபரில் தொடங்கிய முதல் முற்றுகை, மறு ஆண்டு மார்ச்சில் ஸ்பானியப் படை வேறு போர்முனைக்குப் போக நேர்ந்ததால் விலகியது. அந்த இடைவெளியில் நகரம் போதிய தானியம் சேர்க்கவில்லை. எதிரி எழுப்பிய மண்கோட்டைகளை ஒழுங்காக இடிக்கவும் இல்லை. மே 26 அன்று தளபதி வால்தெஸ் திரும்பி வந்தார். அவர் பீரங்கியை நம்பவில்லை; வழிகளை அடைத்துவிட்டுப் பட்டினியை வேலைசெய்ய விட்டார். நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், சுமார் 6,000 பேர், மாண்டனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது கொள்ளைநோய்.

தரைவழியே மீட்கக் கிளர்ச்சித் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியமிடம் படை இல்லை. எனவே நீரைக் கொண்டுவர முடிவாயிற்று. ஆகஸ்ட் 3 முதல் ஆற்றின் அணைக்கரைகள் வெட்டப்பட்டன. தட்டையான அடிப்பகுதி கொண்ட படகுகளில் தளபதி புவாசோவின் கடற்படையினர் ஒவ்வொரு கரையாக உடைத்து முன்னேறினர். ஆனால் காற்று எதிராக வீச, நீர்மட்டம் உயரவில்லை. வாரக்கணக்கில் படகுகள் தரைதட்டி நின்றன. அக்டோபர் தொடக்கத்தில் எழுந்த புயல் கடலை உள்ளே தள்ளியது. 2ஆம் தேதி இரவு லாமன் கோட்டையிலிருந்த ஸ்பானியர் வெளியேறினர். மறுநாள் காலை மீனும் ரொட்டியுமாகப் படகுகள் நகருக்குள் நுழைந்தன.

இந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர்கள் நகரத்தார் மட்டுமல்லர். மூழ்கியவை சுற்றுப்புற உழவர்களின் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும். பறிபோன நிலத்தைவிடப் பாழான நிலம் மேல் என்பது அன்றைய தலைவர்களின் வாதம். பாழானது யாருடைய நிலம் என்பதை விழா அதிகம் பேசுவதில்லை. நகருக்குள்ளும் ஒற்றுமை இருந்ததாகச் சொல்ல முடியாது. ஸ்பானிய அரசர் பக்கம் சாய்ந்து வெளியேறியவர்கள் 'கிளிப்பர்கள்' எனப்பட்டனர். சரணடையச் சொல்லி அவர்கள் உள்ளே கடிதம் அனுப்பினர். உலோகத் தட்டுப்பாட்டில் நகரம் காகிதத்தை அழுத்தி நாணயம் வெளியிட்டபோது, அதில் 'விடுதலைக்காக' என்ற இலத்தீன் வாசகம் இருந்தது. 'சமயத்துக்காக' என்றல்லவா இருக்க வேண்டும் என்று ஒரு போதகர் பிரசங்கத்தில் சாடினார். நகரச் செயலர் யான் ஃபான் ஹௌட் தேவாலயத்திலேயே கைத்துப்பாக்கியை எடுத்து, அவரைச் சுட்டு வீழ்த்தவா என்று பக்கத்திலிருந்த நகரத் தலைவரைக் கேட்டார் என்று பின்வந்த வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். விழாவின் பொருள் பற்றிய சச்சரவு, விழா பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

முற்றுகை நீங்கிய அன்றே பேதுரு தேவாலயத்தில் நன்றி வழிபாடு நடந்தது. மறுநாள் வில்லியம் நேரில் வந்தார். 1575 பிப்ரவரி 8 அன்று நகருக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. எந்த அரசரை எதிர்த்துப் போரிட்டார்களோ அந்த இரண்டாம் ஃபிலிப்பின் பெயரிலேயே அதன் சாசனம் எழுதப்பட்டது. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்குச் சோழர் அளித்த ஆனைமங்கலக் கொடையைக் கூறும் செப்பேடுகளை நாம் 'லெய்டன் செப்பேடுகள்' என்று அழைப்பது, பிற்காலத்தில் அவை இப்பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்ததால்தான்.

அடுத்த தலைமுறையில் நகரம் ஆளே மாறிவிட்டது. தெற்கிலிருந்து நெசவாளர் அகதிகள் வந்து குவிந்தனர். 1622இல் மக்கள்தொகை 40,000ஐத் தாண்டியது. பெரும்பாலானோருக்கு முற்றுகை தம் குடும்ப நினைவாக இல்லை. ஆகவே நினைவைப் பொருளாக்கி நிறுத்த வேண்டியிருந்தது. 1580களின் இறுதியில் முற்றுகைக் காட்சி ஒரு பெரிய சித்திரத் திரையாக நெய்யப்பட்டது. நகர மன்றத்தின் கல்வெட்டுக்கு ஃபான் ஹௌட் எழுதிய வாசகத்தில் 131 எழுத்துகள். முற்றுகை நீடித்த நாள்களும் 131.

19ஆம் நூற்றாண்டுக்கு ஒரு நாயகன் தேவைப்பட்டான். பசியால் கிளர்ந்த கூட்டத்திடம் தன் கையை வெட்டித் தின்னும்படி சொன்னார் என்ற கதையால் நகரத் தலைவர் ஃபான் டெர் வெர்ஃப் அந்த இடத்தைப் பெற்றார். அன்று நகரத் தலைவர்கள் நால்வர் இருந்தனர். இக்கதைக்கு உறுதியான சமகாலச் சான்றும் இல்லை. ஆயினும் ஃபான் ப்ரே 1817இல் முடித்த பெரிய ஓவியமும், 1884இல் எழுந்த சிலையும் அதை நிலைநாட்டின. ஸ்பானியர் விட்டுச்சென்றதாகச் சொல்லப்படும் பானையின் கதையும் இப்படித்தான். அதன் நினைவாக இன்று விழாவில் உண்ணும் 'ஹுட்ஸ்பாட்' உருளைக்கிழங்கும் கேரட்டும் வெங்காயமும் சேர்த்து மசித்தது. 1574இல் ஹாலந்தின் சமையலில் உருளைக்கிழங்கே கிடையாது.

நாயகனைவிடக் கடினமான சிக்கல் கத்தோலிக்கர் நிலை. மீட்க வந்த அதே கடற்படையினர்தாம் 1572இல் பிரில் நகரில் 19 கத்தோலிக்கத் துறவியரையும் குருமாரையும் தூக்கிலிட்டவர்கள். அந்த 1572ஆம் ஆண்டின் முந்நூறாம் ஆண்டு நிறைவை எப்படிக் கொண்டாடுவது என்பதில் 1872இல் நாடெங்கும் கசப்பு எழுந்தது. 1886இல் லெய்டனில் 'அக்டோபர் மூன்று சங்கம்' அமைந்தது. மீனும் ரொட்டியும் ஊர்வலமும் ராட்டினமும் முன்னுக்கு வந்தது இக்காலத்தில்தான். அவற்றை உண்ணவும் பார்க்கவும் யாரும் தம் சமயத்தைக் கைவிட வேண்டியிருக்கவில்லை. இதைச் சிலர் விழாவின் சரிவு என்பார்கள். பிளவுபட்ட நகரம் கண்டுபிடித்த நல்ல வழி அது என்றே நான் மதிப்பிடுகிறேன். பழைய சமய வழக்கமும் முற்றாகப் போய்விடவில்லை: 3ஆம் தேதி ஞாயிறானால் கொண்டாட்டம் திங்களுக்குத் தள்ளிப்போகும்.

காகித நாணயத்தின் 'விடுதலைக்காக' என்ற வாசகத்துக்கு உண்மையான சோதனை 1940 நவம்பர் 26 அன்று வந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்கள் யூதப் பேராசிரியர்களைப் பதவி நீக்கியதை எதிர்த்துச் சட்டத்துறைத் தலைவர் கிளவெரிங்கா லெய்டனில் உரையாற்றினார். மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர், பல்கலைக்கழகம் மூடப்பட்டது, அவர் சிறைப்பட்டார்.

அக்டோபரில் லெய்டன் செல்லும் வாசகர்கள், விழாவுக்கு முந்தைய நாளிலேனும் லாக்கன்ஹால் அருங்காட்சியகத்துக்குப் போய் அந்தச் சித்திரத் திரையைப் பார்த்துவிட வேண்டும். படகுகள் மிதந்துவந்த நீருக்கடியில் கிடந்தவை உழவர்களின் வயல்கள் என்பதை நினைவில் கொண்டு பாருங்கள்.