ஏட்டுச் சுரையும் வீட்டுச் சுரையும்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது பழமொழி. நூலறிவையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோரைப் பார்த்துச் சிரிக்கும் பழமொழி அது. ஆயினும் தமிழில் ஏட்டுச் சுரை ஒன்று உண்மையாகவே இருக்கிறது.

புறநானூற்றின் 116ஆம் பாடலில், பாரி இறந்தபின் அவன் மகளிர் வாழும் இடத்தைக் கபிலர் காட்டுகிறார். முள்வேலி, பருத்தி பரந்த முற்றம், சிறிய வீடு. அதன் அருகே பீர்க்கு முளைத்திருக்கிறது, சுரை படர்ந்திருக்கிறது. அங்குள்ள குப்பைமேட்டில் ஏறி நின்று அம்மகளிர் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். முன்பு பறம்பு மலையில் நின்று பகைவேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள் அவர்கள். அந்த வீழ்ச்சியைச் சொல்லும் இடத்தில் கபிலர் கண்ணில் பட்டது சுரைக்கொடி.

அவலத்தின் அடையாளமாக வரும் இக்காட்சியில் வேளாண்மை உண்மையும் உண்டு. மக்கிய குப்பையில் சுரை செழித்து வளரும். இன்றும் ஆடியிலோ தையிலோ குழியெடுத்துத் தொழுவுரம் இட்டு, நாலைந்து விதைகளை ஊன்றி, வலுவான இரண்டு நாற்றுகளை நிறுத்திப் பந்தலிலோ கூரையிலோ ஏற்றிவிடுகிறோம். பாரி மகளிரின் குப்பைமேடு நம் கொல்லையில் எருக்குழியாகத் தொடர்கிறது.

சுரையின் பூர்விகம் ஆப்பிரிக்கா. ஜிம்பாப்வேயில் காட்டுச் சுரை கண்டறியப்பட்ட செய்தி 2004இல் வெளியாயிற்று. அமெரிக்கக் கண்டத்தில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே சுரை புழக்கத்தில் இருந்தது. ஆப்பிரிக்கச் சுரைகள் கடலில் மிதந்தே அங்குச் சேர்ந்திருக்க வேண்டும் என்று 2014இல் வெளியான மரபணு ஆய்வு கூறியது. காட்டுச் சுரையின் ஓடு மெல்லியது. கலமாகப் பயன்படும் தடித்த ஓடு, மனிதர் தலைமுறை தலைமுறையாக விதை தேர்ந்து உண்டாக்கியது. நீர் மொள்ளவும், விதை சேமிக்கவும், நீச்சல் பழகும் பிள்ளைகளின் இடுப்பில் கட்டவும், மகுடிக்கும் அந்தக் குடுக்கையே உதவியது.

இங்கே ஏடும் சுரையும் ஒன்றாகின்றன. பனையோலை சில நூற்றாண்டுகளே தாங்கும். படியெடுப்பார் இல்லையேல் நூல் அழியும். அவ்வாறு படியெடுக்கப்பட்டுப் பிழைத்த புறநானூறுதான் 1894இல் உ.வே.சாமிநாதையரால் அச்சேறியது. சுரை விதைக்கோ சில ஆண்டுகளே ஆயுள். விதைப்பார் இல்லையேல் அந்த வகையும் மறையும். கலப்பின விதை வாங்கி வளர்த்தால், அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயின் குணத்தை அப்படியே தராது. அது படியெடுக்க இயலாத ஏடு.

ஆகவே நாட்டுச் சுரை வளர்ப்போர் நல்ல கொடியில் ஒரு காயை முற்றவிட வேண்டும். அதற்குமுன் அக்கொடியின் வேறொரு பிஞ்சை அறுத்து, நுனிநாக்கில் வைத்துச் சுவை பார்ப்பது அவசியம். கசந்தால் துப்பிவிட வேண்டும். அக்கசப்பு நஞ்சு, சமைத்தாலும் போகாது. கசக்கும் கொடியை விலக்குவது பதிப்பாசிரியர் பிழை களைவதைப் போன்றது. தேர்ந்த காய் ஓடு இறுகி, குலுக்கினால் விதைகள் ஒலிக்கும்வரை காயட்டும். விதைகளைச் சாம்பலில் புரட்டி வைத்து, அடுத்த பட்டத்தில் ஊன்றி, மிஞ்சியதை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம்.

ஏட்டுச் சுரை கறிக்கு உதவாது என்பது மெய்தான். ஆனால் கறிக்கு உதவும் சுரை எவ்வாறு நம்மை வந்தடைந்தது என்பதை அந்த ஏடே நமக்குச் சொல்கிறது.