கல்மாலையை அறுத்தெறிந்தவர்கள்: திருவிதாங்கூரில் உடையும் அணியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஒரு பெண் தன் உடைக்கு எந்த அணியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதைப் பெரும்பாலும் அவள் பிறந்த சாதியே முடிவு செய்தது. நாயர் தறவாட்டுப் பெண்ணின் துணியில் நிறம் குறைவு. வெண்மையான முண்டு, அதிலும் மெல்லிய கரை. நிறத்தைக் கொண்டுவந்தவை நகைகளே: பச்சைக் கல் பதித்த பாலக்கா மாலை, நாகபடத் தாலி, காசுமாலை, காதை நிறைக்கும் தோடா. அவளது நிலத்தில் நாற்று நட்ட புலயப் பெண்ணுக்கு முழங்காலைத் தாண்டாத முரட்டுத் துணி. கழுத்திலிருந்து மார்பு வரை அடுக்கடுக்காகத் தொங்கும் கல்மணி, கண்ணாடி மணிச் சரங்கள். இரும்பிலோ பித்தளையிலோ வளையங்கள். பொன்னும் வெள்ளியும் அவளுக்கு விலக்கு. நிறத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால் புலயப் பெண்ணின் கழுத்தே அதிக வண்ணம் கொண்டதாக இருந்திருக்கும். அந்த வண்ணத்தைத்தான் அவள் 1915இல் அறுத்தெறிந்தாள். ஏன் என்பது எளிய கேள்வியன்று.

சாமுவேல் மெட்டீர் முதல் எட்கர் தர்ஸ்டன் வரை, சாதிகளை வரிசைப்படுத்தி எழுதியவர்களின் நூல்களில் உடையும் நகையும் தவறாமல் இடம்பெறுகின்றன. அவை 'வழக்கம்' என்ற தலைப்பின்கீழ் அமைவதே அவ்வகை எழுத்தின் இயல்பு. வழக்கம் என்ற சொல் தடையை மறைத்துவிடுகிறது. பித்தளை அணிவது ஒரு சமூகத்தின் விருப்பமா, பொன் அணிந்தால் அடி விழும் என்ற அச்சமா என்பதை அந்தச் சொல்லிலிருந்து அறிய இயலாது. ஏறத்தாழ அதே காலத்தில் திருவிதாங்கூரின் கிளிமானூரிலிருந்து வந்த இரவிவர்மா, இந்தியாவின் பல பகுதிகளைச் சேர்ந்த பதினொரு பெண்களை இசைக்கருவிகளோடு ஒரே சட்டகத்துள் தீட்டினார். அதில் உடையையும் நகையையும் கொண்டே ஊரையும் சமூகத்தையும் ஊகிக்க முடியும். ஓவியத்தில் அது கண்ணுக்கு இனிய பன்மை. சந்தைத் தெருவில் அதே அடையாளம் காவல் வேலை செய்தது.

பொன் அணிவதற்கான கட்டுப்பாடுகளை அரசு தளர்த்தியது இராணி கௌரி பார்வதி பாயியின் ஆட்சியில் (1815–1829). அதுவரை நகை அணியும் உரிமையே சில சமூகத்தார் அரசுக்குப் பணம் கட்டிப் பெறவேண்டிய ஒன்றாக இருந்தது. ஆயினும் ஆணை ஒருபுறம் இருக்க, ஊர் வேறொருபுறம் இருந்தது. பல பத்தாண்டுகள் கழித்தும், 1860ஐ ஒட்டி, பந்தளத்தில் பொன் மூக்குத்தி அணிந்து வந்த ஈழவப் பெண்ணின் மூக்கிலிருந்து அதைப் பிய்த்தெறிந்தார்கள் என்பது கேரளத்தில் பரவலாக நினைவுகூரப்படும் செய்தி. ஆறாட்டுப்புழை வேலாயுதப் பணிக்கர் (1825–1874) ஒரு கிழி நிறைய மூக்குத்திகளோடு அங்குச் சென்று பெண்களுக்கு வழங்கி, அணிந்தபடியே வெளியே நடக்கச் செய்தார் என்பர். இதே பணிக்கரின் பெயரோடு சேர்ந்து வழங்குவது காயங்குளம் பகுதியின் அச்சிப்புடவைப் போராட்டம். 'அச்சி' எனப்பட்ட நாயர் பெண்கள் உடுத்திய, முழங்காலுக்குக் கீழே இறங்கும் கரை வைத்த துணியை ஈழவப் பெண் உடுத்தியது குற்றமாயிற்று. உழவுத் தொழிலாளர் வேலைக்கு வர மறுத்தனர். இந்நிகழ்வுகளின் ஆண்டுகளை நூல்கள் ஒன்றுபோல் தருவதில்லை. இவை பெரிதும் வாய்மொழியாகவும் சமூக வரலாறுகள் வழியாகவும் வந்தவை. ஆனால் துணியும் மூக்குத்தியும் ஒரே மனிதரின் கதையில் அடுத்தடுத்து வருவது தற்செயலன்று. கரை வைத்த புடவை கிடைத்த பின்னரே அதற்கேற்ற மூக்குத்தி என்ற கேள்வி எழுகிறது.

தெற்கே, இன்றைய குமரி மாவட்டப் பகுதியில் நடந்த தோள்சீலைப் போராட்டம் தமிழ் வாசகர் நன்கறிந்தது. அதில் கவனிக்கத்தக்கது 1859 சூலை 26இல் வெளியான அரசாணையின் சொற்கட்டு. நாடார் பெண்கள் (ஆவணத்தில் 'சாணார்') குப்பாயம் அணியலாம். முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியக்கூடாது. உடலை மறைப்பது அரசுக்குச் சிக்கலாக இல்லை. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் என்று எண்ணிவிடும் வாய்ப்புதான் சிக்கலாக இருந்தது. துணியின் தரத்தையும் கட்டும் முறையையும் ஓர் அரசு இவ்வளவு நுட்பமாக எண்ணிப் பார்த்திருப்பது வியப்பளிக்கிறது. பொற்கொல்லரும் நெசவாளரும்கூட இத்தனை கூர்மையாகப் பார்த்திருப்பார்களா என்று தோன்றும்.

கல்மாலைப் போராட்டம் இவற்றிலிருந்து வேறுபடுவது இங்கேதான். ஈழவப் பெண்கள் மறுக்கப்பட்ட ஒன்றை அணியக் கோரினர். புலயப் பெண்களோ தமக்கு விதிக்கப்பட்ட ஒன்றைக் கழற்றக் கோரினர். மேற்சட்டை மறுக்கப்பட்ட உடலில் மணிச்சரங்களே மார்பை மறைத்தன. அதாவது அங்கு அணிகலன் உடையின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அது உடைக்குப் பொருந்தும் நகையன்று, உடை இல்லாமைக்குப் பொருந்தும் நகை. ஆகவே ரவிக்கையைக் கோருவதும் மாலையைக் கழற்றுவதும் ஒரே செயலின் இரு கைகளாயின. ரவிக்கைக்கு மேல் அதே மாலை கிடந்தால் எந்தச் சாதி என்பது முன்போலவே தூரத்திலிருந்து தெரியும். மாலை போய் ரவிக்கை வராவிட்டால் உடல் முன்பைவிடவும் காப்பற்றுப் போகும்.

இதை முன்னெடுத்தவர் அய்யன்காளி (1863–1941). வெங்ஙானூரில் பிறந்து, 1893இல் தலைப்பாகையும் வெள்ளாடையுமாக வில்வண்டி ஏறித் தடைசெய்யப்பட்ட பொதுவழியில் சென்றவர். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவியவர். உடை எப்படிப் பேசும் என்பதைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர் என்பதால், பெண்களின் மாலையை அவர் சிறு செய்தியாகக் கருதாததில் வியப்பில்லை. நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் தொடங்கிய இயக்கம் வடக்கே கொல்லத்துக்குப் பரவியது. 1915 அக்டோபர் 24 அன்று பெரிநாட்டில் கோபாலதாசன் தலைமையில் கூடிய கூட்டம் தாக்கப்பட்டது. திருப்பித் தாக்குதலும் நிகழ்ந்தது. பின்னர்ப் புலயர் குடிசைகள் எரிந்தன. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். வரலாற்று நூல்கள் இதைப் 'பெரிநாடு லகளை' என்று பதிவு செய்கின்றன. கலகம் என்று பொருள்படும் அப்பெயரில் மாலையும் இல்லை, பெண்ணும் இல்லை.

அவ்வாண்டு டிசம்பரில் கொல்லம் பீரங்கி மைதானத்தில் பெருங்கூட்டம் ஒன்று நடந்தது. தலைமை ஏற்றவர் நாயர் சமூகத்தைச் சேர்ந்த சங்ஙனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை. அவையிலிருந்த உயர்சாதியினர் முன்னிலையில், அவர்களின் ஒப்புதலோடு மாலையைக் கழற்றவேண்டும் என்பது அய்யன்காளியின் திட்டம். எரிந்த குடிசைகளுக்குப் பின் அது அச்சத்தாலன்று, கணக்கிட்டு எடுத்த முடிவு என்றே கொள்ளத் தோன்றுகிறது: மேடையில் சம்மதித்தவர் மறுநாள் வயலில் தடுக்கக் கூசுவார். பெண்கள் கதிர் அரிவாளால் சரங்களை அறுத்துப் போட்டதாகவும், அவை மேடையருகே குவியலாய் உயர்ந்ததாகவும் நினைவுகள் கூறுகின்றன. அந்தப் பெண்களின் பெயர்களைக் காட்டிலும் மேடையில் அமர்ந்திருந்த ஆண்களின் பெயர்களே நூல்களில் நிலைத்தன.

அன்று குவிந்தவற்றில் தாயிடமிருந்து மகளுக்கு வந்த மணிகளும் இருந்திருக்கும். அழகு என்று விரும்பி அணிந்தவர்களும் இருந்திருப்பார்கள். கல்மாலை அழகற்றது என்பதற்காக அது வீசப்படவில்லை. இன்று கண்காட்சிகளிலும் கடைகளிலும் அத்தகைய மணிச்சரங்கள் 'பழங்குடி அணி' என்ற பெயரில் வண்ணப் புடவைக்கும் குர்த்தாவுக்கும் ஏற்ற நகையாக விற்கப்படுகின்றன. வாங்குபவர் விரும்பும்போது கழற்றிவிடலாம் என்பதே அவற்றின் விலையில் அடங்காத பகுதி.

பெரிநாட்டு நிகழ்வுகளையொட்டி வழக்குகள் தொடரப்பட்டன. வாதாடிய வழக்குரைஞர்களுக்குக் கொடுக்கக் குற்றம் சாட்டப்பட்டவர்களிடம் பணம் இல்லை. நகையும் இல்லை, விற்கத்தக்க நகை அவர்களிடம் ஒருபோதும் இருந்ததில்லை. கட்டணத்துக்கு ஈடாக அவர்கள் கொல்லத்தில் ஒரு குளம் வெட்டிக் கொடுத்தார்கள். அதனைக் கம்மான்குளம் என்பர்.