சிப்பியின் குடல் பாக்டீரியாவும் கரைச்சூழலும்

பாறை, சேறு, அலையாத்தி வேர் என எதில் ஒட்டிக்கிடந்தாலும் சிப்பி தண்ணீரை வடித்தே உண்கிறது. அதனால் அது வாழும் கரையின் உப்பளவு, வெப்பம், ஓதத்தின் ஏற்றவற்றம், நிலத்திலிருந்து வந்து கலக்கும் கழிவு ஆகியவை அதன் குடலில் எந்தப் பாக்டீரியா குடியிருக்கும் என்பதைப் பெருமளவு முடிவு செய்கின்றன. பெருமளவுதான், முழுக்க அல்ல. தண்ணீரில் இருப்பதையெல்லாம் அப்படியே சுமக்கும் வெறும் வடிகட்டியாகச் சிப்பியைப் பார்த்த ஆய்வாளர்கள், அதன் குடலும் தேர்வு செய்கிறது என்று ஒப்புக்கொள்ள நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

வட அமெரிக்கக் கிழக்குக் கரையின் சிப்பி (கிராசோஸ்ட்ரியா வர்ஜீனிகா) வளர்ந்த நிலையில், நீர் வெதுவெதுப்பாக இருந்தால், நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை நீரை வடிக்கும். செவுளின் சளியில் சிக்கும் துகள்களை வாயருகே உள்ள மடல்கள் தரம் பிரிக்கின்றன. வேண்டாதவை விழுங்கப்படாமலே வெளியே தள்ளப்படுகின்றன. உள்ளே போனவற்றை இரைப்பையில் படிகத் தண்டு எதிர்கொள்கிறது. கண்ணாடிபோல் தெளிந்த, கூழ்த்தன்மை கொண்ட இந்தக் கோல் சுழன்றுகொண்டே தேய்ந்து செரிமான நொதிகளை விடுவிக்கிறது. ஓதம் வற்றி ஓடு மூடிக்கொண்டால் தீனி நிற்கும், உள்ளே ஆக்சிஜன் குறையும், தண்டும் கரையத் தொடங்கும். எப்போதும் நீருக்கடியில் கிடக்கும் சிப்பிக்கு இந்த நெருக்கடி இல்லை. ஒரே விரிகுடாவில் சில மீட்டர் மேலும் கீழுமாக வாழும் இரண்டு சிப்பிகளின் குடல்கள் பாக்டீரியாவுக்கு ஒரே வீடாக இருப்பதில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

இத்துறையின் முதல் கண்டுபிடிப்பும் அந்தத் தண்டோடு தொடர்புடையதுதான். 1882-இல் பிரெஞ்சு ஆய்வாளர் செர்த், சிப்பியின் இரைப்பையில் நெளிந்து திரியும் நீளமான சுருள் உயிரி ஒன்றைக் கண்டு, அதை டிரிப்பனோசோமா என்ற ஒருசெல் விலங்கினத்தில் சேர்த்தார். 1910-இல் கிராஸ் அதைத் தனியாகப் பிரித்து கிரிஸ்டிஸ்பைரா என்று பெயரிட்டார். பாக்டீரியாவுக்கு மிகப் பெரிய உடல் கொண்ட அது, படிகத் தண்டில் வாழ்ந்து தண்டு கரையும்போது காணாமல் போகிறது. ஆய்வகத்தில் வளர்க்க யாராலும் முடியாததால் ஸ்பைரோகீட் பாக்டீரியாக்களிடையே அதற்குரிய இடம் மரபணு வரிசை வழியாக 1996-இல்தான் உறுதியாயிற்று. ஆனால் இந்த ஆர்வமெல்லாம் விலங்கியலாரோடு நின்றுவிட்டது. ஊராரை உலுக்கியது டைஃபாய்டு.

1894-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கங்கள் விருந்து வைத்தன. பச்சையாகச் சிப்பி தின்றவர்களில் பலர் சில வாரங்களில் டைஃபாய்டில் விழுந்தனர். அங்கே உயிரியல் பேராசிரியராக இருந்த எச். டபிள்யூ. கான் சிப்பி வந்த வழியைத் தேடிப் போனார். ஆழ்நீரில் எடுத்த சிப்பியை விற்குமுன் ஆற்று முகத்தில் ஓரிரு நாள் போட்டுவைப்பது அப்போதைய வணிக வழக்கம்; உப்புக் குறைந்த நீரை உறிஞ்சிச் சதை உப்பி, சிப்பி கொழுத்ததுபோல் தோன்றும். போட்டுவைத்த இடத்துக்கு அருகிலேயே ஒரு வீட்டின் சாக்கடை ஆற்றில் விழுந்தது. அந்த வீட்டில் டைஃபாய்டு நோயாளிகள் இருந்தார்கள். கடலில் வளர்ந்த காலமெல்லாம் கணக்கில் வரவில்லை. கடைசியாகக் கிடந்த கரையே குடலில் என்ன இருக்கும் என்பதை மாற்றிவிட்டது. இதைவிடத் தெளிவான சோதனையைத் திட்டமிட்டுக்கூடச் செய்திருக்க முடியாது.

1902-இல் இங்கிலாந்தின் வின்செஸ்டர், சவுத்தாம்ப்டன் நகரங்களின் மேயர் விருந்துகளிலும் இதே கதை. எம்ஸ்வொர்த் சிப்பிப் படுகைகளில் சாக்கடை கலந்திருந்தது. இறந்தவர்களில் வின்செஸ்டர் பேராலயத் தலைவரும் ஒருவர். 1924-25 குளிர்காலத்தில் நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களில் சுமார் 1,500 பேர் நோயுற்று 150 பேர் மாண்ட பிறகு, அமெரிக்க அரசு சிப்பி எடுக்கும் கரைகளையே தரம் பிரிக்கத் தொடங்கியது. வேல்ஸின் கான்வியில் டாட்சன், சிப்பியின் உறவினமான கல்லுமேக்காய்களைத் தூய நீர்த் தொட்டியில் இட்டுக் குடலைத் தாமே கழுவிக்கொள்ள விடும் முறையை வகுத்து 1928-இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். பின்னாளில் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சிப்பி வளர்ப்பில் இறங்கியபோது இத்தகைய சுத்திகரிப்பையும் சேர்த்தே சோதித்தது.

இந்தக் காலகட்டத்தின் குறை, மலக்கழிவுப் பாக்டீரியாவை மட்டும் எண்ணிவிட்டு மற்றதைப் பாராமல் விட்டதுதான். தொட்டியில் இட்டால் ஈ. கோலை சீக்கிரம் வெளியேறும். விப்ரியோக்கள் எளிதில் போகா. அவை சாக்கடையிலிருந்து வந்த விருந்தாளிகள் அல்ல, கழிமுகத்திலேயே பிறந்து வளர்பவை. 1950-இல் ஒசாகாவில் மீன் உணவால் 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோது, ஃபுஜினோ கண்டுபிடித்த விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் இதற்குத் தலையாய சான்று. வாஷிங்டன் மாநிலத்தின் ஹூட் கால்வாயில், வற்றத்தில் வெயில் காய்ந்த சிப்பிகளுக்குள் இதன் அளவு நான்கு முதல் எட்டு மடங்கு கூடியது. மீண்டும் ஓதம் ஏறி மூழ்கியபின் இறங்கியது. 2004-இல் இது அலாஸ்கா வரை எட்டியது. பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் சிப்பியைத் தின்ற கப்பல் பயணிகள் நோயுற்றனர்; அந்தக் கோடையில் பண்ணை நீர் 15 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கவே இல்லை. மெக்சிகோ வளைகுடாவிலோ உப்புதான் கைகொடுத்தது. 1996-இல் மோட்ஸும் டிபாவோலாவும் சிப்பிகளைக் கரையிலிருந்து எடுத்து, உப்பு மிகுந்த புறக்கடலில் தொங்கவிட்டனர். ஒன்று முதல் இரண்டரை வாரத்துக்குள் விப்ரியோ வல்னிஃபிகஸ் கிராமுக்குப் பத்துக்கும் கீழே சரிந்தது.

நோய்க்கிருமியைத் தாண்டி, நலமான சிப்பியின் இயல்பான குடிகளைக் கேட்டவர்கள் குறைவு. 1960-இல் சியாட்டிலில் ரீட்டா கால்வெல்லும் ஜான் லிஸ்டனும் பசிபிக் சிப்பியில் அதைச் செய்தார்கள். சூடோமோனாஸ், விப்ரியோ, ஃபிளேவோபாக்டீரியம் முதலியவை கிடைத்தன. காலரா விப்ரியோவும் கழிமுக நீரின் இயல்பான குடியே என்று பிற்காலத்தில் கால்வெல் நிலைநாட்டியதற்கு இந்தப் பயிற்சி அடித்தளமிட்டது என்று கருத இடமுண்டு. தட்டில் வளர்வதை மட்டும் பார்க்க முடிந்ததே அந்த முறையின் எல்லை.

மரபணு வரிசைப்படுத்தல் அந்த எல்லையை உடைத்தது. 2012-இல் லூசியானாவின் இரண்டு இடங்களைச் சேர்ந்த சிப்பிகளைக் கிங் குழுவினர் ஒப்பிட்டனர். ஹாக்பெரி விரிகுடாச் சிப்பியின் இரைப்பையை மைக்கோபிளாஸ்மாவின் உறவினங்கள் ஏறக்குறைய முழுவதுமாக ஆக்கிரமித்திருந்தன. கைலூ ஏரிச் சிப்பியில் பிளாங்க்டோமைசீட்டுகள் மேலோங்கி, வகையும் கூடியிருந்தது. இனம் ஒன்றே, கரைதான் வேறு. என்றாலும் எல்லா மாதிரிகளிலும் தவறாமல் வந்த நிலைக்குடிகளும் இருந்தன: இரைப்பையில் 5 வகை, குடலில் 44 வகை. பல பாக்டீரியாக்கள் வந்துபோகும் வழிப்போக்கர்களாகவே தோன்றின.

ரோட் தீவு மாநிலத்து நாரகன்செட் விரிகுடா இக்கேள்வியை இன்னொரு படி நகர்த்தியது. அதன் வடமுனையில் நகரக் கழிவால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிகம். தெற்கே போகப் போக அவை குறைந்து உப்பும் ஆக்சிஜனும் கூடும். 2017 ஆகஸ்டில் ஐந்து இடங்களில் சிப்பி எடுத்த ஸ்டீவிக் குழுவினர், குடலில் யார் இருக்கிறார்கள் என்பதோடு, எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்பதையும் பார்த்தார்கள். 2021-இல் வெளியான முடிவின்படி குடலின் பாக்டீரியாத் தொகுப்பு சுற்றியுள்ள நீரினதை ஒத்திருக்கவில்லை. செயலில் இருந்த இனங்கள் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இடத்துக்கு இடம் மாறியது அவற்றின் வேலை: நைட்ரஜனையும் பாஸ்பரசையும் கையாளும் மரபணுக்கள் அந்தந்தக் கரையின் சத்து நிலைக்கேற்பக் கூடியும் குறைந்தும் இயங்கின. சிப்பிப் படுகைகளை மீட்டெடுத்து விரிகுடாவின் நைட்ரஜனைக் குறைக்கலாம் என்று திட்டமிடுவோர் சிப்பிகளின் எண்ணிக்கையோடு அவற்றை இறக்கும் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.