ஏரிக்கரை மாளிகையும் பேராயரின் இதயமும்

நம் ஆலயம் எழுந்த வரலாற்றை இம்மலரின் பிற பக்கங்களில் காண்பீர்கள். இங்கே நாம் சொல்ல விழைவது, தூரதேசத்தில் ஒரு பேராயர் எழுப்பிய மாளிகையின் கதை.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில், சிற்றேரி ஒன்றின் கரையில் நிற்கிறது லெயோபோல்ட்ஸ்கிரோன் மாளிகை. 1965-இல் வந்த 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' திரைப்படத்தைப் பார்த்தவர்கள் அந்த ஏரியையும் பார்த்தவர்களே. படத்தின் நடனக்கூடம், இம்மாளிகை அறையொன்றைப் பார்த்து ஸ்டுடியோவில் அமைத்தது.

மாளிகைப் பணியை 1736-இல் தொடங்கியவர் பேராயர் லெயோபோல்ட் அந்தோன் ஃபிர்மியான். அந்நாளில் சால்ஸ்பர்க் பேராயரே நாட்டை ஆளும் அரசருமாவார். கட்டடத்தை வரைந்து கொடுத்தவர் ஸ்காட்லாந்து நாட்டு ஆசீர்வாதப்பர் சபைத் துறவி பெர்னார்ட் ஸ்டூவர்ட்.

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1731 அக்டோபர் 31-இல், இதே பேராயர் ஒரு கட்டளை பிறப்பித்திருந்தார்: லூத்தரன் மறையைப் பின்பற்றுவோர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். நிலபுலன் உள்ளவர்களுக்குச் சில மாதத் தவணை கிடைத்தது. கூலியாட்களுக்கும் வேலைக்காரப் பெண்களுக்கும் எட்டே நாள்! ஆல்ப்ஸ் மலையில் பனி இறங்கும் காலம் அது. மொத்தம் 20,000 பேருக்கு மேல் வெளியேறினர். பெரும்பாலோருக்குப் புகலிடம் தந்தவர் பிரஷ்ய மன்னர். கத்தோலிக்கராகிய நாம் இதை மழுப்பாமல் படிப்பதே முறை.

பேராயர் மாளிகையைத் தம் குடும்பத்தாருக்கே எழுதி வைத்தார். 1744-இல் அவர் மறைந்தபோது உடல் பேராலயத்திலும், இதயம் மாளிகைச் சிற்றாலயத்திலும் அடக்கம் செய்யப்பட்டன.

19-ஆம் நூற்றாண்டில் வீடு பல கை மாறியது; உள்ளிருந்த ஓவியங்களும் விலைபோயின. 1918-இல் அதை வாங்கியவர் மாக்ஸ் ரைன்ஹார்ட், புகழ்பெற்ற நாடக இயக்குநர், யூதர். பாழ்பட்டுக் கிடந்ததைப் பார்த்துப் பார்த்துச் செப்பனிட்டார். புனித கால் துறவுமடத்து நூலகத்தைப் போலவே தமக்கும் ஒன்று அமைத்துக்கொண்டார். செல்வனொருவனைச் சாவு வந்தழைக்கும் 'யேடர்மான்' நாடகத்தை 1920-இல் பேராலய முற்றத்திலேயே, அப்போதைய பேராயரின் இசைவோடு, அரங்கேற்றியவரும் இவரே. சால்ஸ்பர்க் கலைவிழா அன்று பிறந்தது.

1938-இல் நாஜிகள் மாளிகையைப் பறித்துக்கொண்டனர். முந்திய ஆண்டே அமெரிக்கா சென்றிருந்த ரைன்ஹார்ட், வீடு திரும்பாமலே 1943-இல் நியூயார்க்கில் இறந்தார். விரட்டியவரின் இதயம் கிடந்த வீட்டுக்காரரும் நாடற்றவரானார்.

போர் ஓய்ந்தபின் அவர் மனைவி ஹெலன் தீமிக் வீட்டை ஹார்வர்ட் இளைஞர் சிலருக்குத் திறந்துவிட்டார். 1947 கோடையில், நேற்றுவரை பகைவராயிருந்த நாடுகளின் மாணவர்கள் அங்கே ஒன்றாக உண்டு, ஒன்றாகப் படித்தனர். அந்தக் கருத்தரங்க அமைப்பு 1959-இல் மாளிகையை வாங்கியது. 2014-இல் அங்கு ஒரு தங்கும் விடுதியும் திறந்தது.

வத்திக்கான் சங்கம் நிறைவுற்ற மறு ஆண்டு, 1966-இல், சால்ஸ்பர்க் பேராயர் ஆந்திரேயாஸ் ரோராகர் அந்த வெளியேற்றத்துக்காகப் பிரிந்த சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டார். கட்டளை பிறந்து 235 ஆண்டுகள் ஆகியிருந்தன.